முன் வீதியில் ஒரு செம்புத் தண்ணீர்

இது நடந்து நான்கு வருடம் இருக்கும். வலிகாமத்தில், உடுவிலுக்குக் கிட்ட உள்ள எங்கள் ஊரில். ஊரின் பெயர் வேண்டாம். ஆட்களின் பெயரும் வேண்டாம். சொன்னால் நாளைக்கு நான் இந்த ஒழுங்கைகளில் நிம்மதியாகச் சைக்கிள் ஓட முடியாது.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். தபால் கந்தோரில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். கணவர் இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டில். மிஷனரிமார் காலத்தில் கட்டிய தேவாலயத்துக்குப் பக்கத்து வளவில் தனியாக இருக்கிறேன். தேவாலயத்தின் திறப்பு, அதாவது சாவி, என்னிடம்தான். காலையில் கதவைத் திறந்து, கூட்டித் துடைத்து, மணி அடிப்பது என் பொறுப்பு. ஒரு விஷயத்தில் எனக்குத் தலைக்கனம் உண்டு, அது ரகசியம் காப்பது. ஊரின் கடிதமும் தந்தியும் முப்பது வருடம் என் கையால் போயின, ஒன்றாவது என் வாயால் போனதில்லை. அந்தத் தலைக்கனம்தான் என்னை மாட்டிவிட்டது.

ஒரு மாசி மாதக் காலை. எங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், நாங்கள் பி.எச்.ஐ. என்று சொல்கிறவர், என் வீட்டு வாசல் படலையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். டெங்கு பார்க்க வந்துவிட்டார் என்று பயந்து, பூச்சாடித் தட்டில் நின்ற தண்ணீரை அவசரமாகக் கொட்டினேன். அவர் சிரித்துவிட்டார்.

“அன்ரி, நுளம்பு பாக்க வரேல்லை. ஒரு உதவி கேக்க வந்தனான்.”

பின் ஒழுங்கையில் ஒரு கமக்காரர். வெங்காயமும் புகையிலையும் செய்கிறவர். என்னிலும் இரண்டு மூன்று வயது மூத்தவர். அவருக்குக் காசநோய் என்று நெஞ்சு நோய்க் கிளினிக்கில் கண்டுபிடித்திருக்கிறார்கள். மருந்து இலவசம். ஆனால் ஆறு மாதம், ஒருநாள் தவறாமல், ஒருவர் கண்முன்னால் குளிசையை விழுங்க வேண்டும். பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு மசியாமல் போய்விடும்.

மனிதர் எதற்கும் சம்மதிக்கவில்லையாம். தினமும் டவுனுக்குப் போனால் தோட்டத்துக்கு யார் தண்ணீர் கட்டுவது? சந்தி டிஸ்பென்சரியில் போய் நின்றால் ஊர் முழுக்கப் பார்க்கும். பி.எச்.ஐ. வீட்டுக்கு வந்தால், படலையில் நிற்கிற மோட்டார் சைக்கிளே கதை சொல்லிவிடும். வீட்டில் மகளுக்குச் சம்பந்தம் பேசி முடிகிற நேரம்.

“சாகிறது பரவாயில்லையாம் அன்ரி, தெரிய வாறதுதான் பிரச்சினையாம். அப்பிடித்தான் சொல்லுறார்.”

நான் யோசிக்காமல் ஓம் என்றேன். ஏன் அவ்வளவு கெதியில் ஓம் சொன்னேன் என்று அந்தத் தம்பிக்குத் தெரியாது. என் தமையன் இதே வருத்தத்தில் போனவர். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. வீட்டில் நாங்கள் அதற்கு வைத்த பெயர் ‘முட்டு’, ஆஸ்துமா மாதிரி ஒரு மூச்சிழுப்பு. யார் கேட்டாலும் முட்டு இழுக்குது என்போம். செத்த வீட்டிலும் அதையேதான் சொன்னோம்.

யோசனையும் என்னுடையதுதான். காலை ஆறு மணிக்குத் தேவாலயம் திறந்திருக்கும், ஒரு குருவி வராது. சைவக்காரர் ஒருவர் தேவாலயத்தின் பக்கத்து அறையில் குளிசை விழுங்குகிறார் என்று எவரின் மூளையில் உதிக்கப் போகிறது? பி.எச்.ஐ. தம்பி தலையைச் சொறிந்தார். நான் அவரைப் பேச விடவில்லை.

அடுத்த நாள் வந்தார். நெற்றியில் மூன்று குறி விபூதி, தோளில் சால்வை. சேர்ட்டு மட்டும் தனியாக நடந்து வருகிற மாதிரி இருந்தது, அவ்வளவு மெலிவு. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, ஏதோ களவெடுக்க வந்தவர் போலப் பக்கவாட்டில் நுழைந்தார். யன்னல்களை எல்லாம் அகலத் திறந்து வைத்திருந்தேன். செங்கபில நிறத்தில் நான்கு குளிசை. ஒவ்வொன்றாக விழுங்கினார். நான் அட்டையில் அடையாளம் போட்டேன்.

“தங்கச்சி, ஒருத்தருக்கும்…”

“அண்ணை, நான் தபால் கந்தோர்க்காரி” என்றேன்.

இங்கே என் முதல் பிழையைச் சொல்ல வேண்டும். அந்தக் குளிசை எடுத்தால் சிறுநீர் சிவந்து போகும், பயப்பட ஒன்றுமில்லை, மறக்காமல் சொல்லிவிடுங்கள் என்று பி.எச்.ஐ. தம்பி இரண்டு தரம் சொல்லியிருந்தார். ஒரு ஆம்பிளையிடம் போய் அதை எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டு நான் விட்டுவிட்டேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. போதகர் பிரசங்கத்தில் உச்சத்தில் நிற்கிறார். பக்கக் கதவடியில் நம்முடைய அண்ணை. முகம் வெளிறி, கண்ணில் தண்ணீர் ஓட, கையைக் கூப்பிக்கொண்டு நிற்கிறார். இரத்தம் போகிறது, இன்றைக்குச் சாகப் போகிறேன் என்று நினைத்து என்னைத் தேடி ஓடி வந்திருக்கிறார், பாவம். நான் எழுந்து ஓடிப்போய், அவரைத் தேமா மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய், கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். மனிதர் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். நானும் சிரித்தேன்.

உள்ளே இருந்தவர்கள் கண்டது வேறு. ஒரு சைவக்காரர் பிரசங்கத்தைக் கேட்டு உருகி அழுது, பிறகு முகம் மலர்ந்து சிரித்ததைத்தான் அவர்கள் கண்டார்கள்.

அதன்பிறகு சொல்ல வேண்டுமா? மகளிர் சங்கத் தலைவி புத்தம் புதுப் பரிசுத்த வேதாகமம் ஒன்றைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். அவர் மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கி, பிறகு என்னிடம் தனியாக, “இதை எங்கை வைக்கிறது தங்கச்சி? சாமியறையிலை பிள்ளையாருக்குப் பக்கத்திலை வைச்சால் குறையே?” என்று கேட்டார். விபூதியோடு வருகிறாரே என்று ஒருவர் குறைப்பட்டபோது, போகப் போக மாறும் என்று இன்னொருவர் சமாதானம் சொன்னார். என்னிடம் நேரே கேட்டார்கள். “கடவுளிட்டை வாறவரை ஏன் எண்டு நான் கேக்கிறேல்லை” என்றேன். பொய் ஒரு சொல்லும் இல்லை, பாருங்கள். உண்மையைச் சொல்வதானால், அந்தக் கதை எனக்கு வசதியாக இருந்தது. உள்ளுக்குள் ஒரு குஷியும் இருந்தது. ஊரே ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, நான் மறுபக்கத்தால் ஒரு உயிரைக் கடத்திக்கொண்டு போகிறேன் என்ற கெட்டித்தன நினைப்பு.

இரண்டு மாதம் முடிய மனிதர் தேறிவிட்டார். இருமல் நின்றது. கன்னத்தில் சதை வைத்தது. குளிசையின் எண்ணிக்கையையும் குறைத்துவிட்டார்கள். சித்திரை வருடப்பிறப்பும் வந்து போனது. அதற்கு அடுத்த கிழமை ஒருநாள் அவர் வரவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் மணி அடித்த கையோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன்.

வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.

“ஆனியிலை எங்கடை கோயில் திருவிழா, தங்கச்சி. ஆறாம் நாள் திருவிழா பரம்பரையா எங்கடை உபயம். நான் வேதத்துக்குச் சேந்திட்டனாம், அதாலை இந்த முறை தம்பியாரைச் செய்யச் சொல்லிக் கோயில் சபையிலை தீர்மானமாம். மாப்பிளை பகுதியும் கேட்டு விட்டிருக்கினம். வீட்டிலை மனுசி ரெண்டு நாளாச் சாப்பிடேல்லை.”

வேதத்துக்குச் சேர்வது என்றால் எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவராவது. அந்தக் கதைக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவள் நான்தானே.

“அதுக்குக் குளிசையை ஏன் அண்ணை விட்டனீங்கள்?”

“இப்ப மேலுக்குச் சுகம். இருமலும் இல்லை. காணும், விடுங்கோ.”

காணும். போதும் என்று அர்த்தம். என் தமையனும் இதே சொல்லைத்தான் சொன்னார். அவர் ரகசியமாகக் கிளினிக்குக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒருநாள் பஸ் நிலையத்தில் தெரிந்த ஒருவர், “என்ன தம்பி, அடிக்கடி இந்தப் பக்கம்?” என்று கேட்டாராம். அதோடு சரி. சுகமாக இருக்கு, காணும் என்றார். அம்மாவும் பேசாமல் இருந்தார், நானும் பேசாமல் இருந்தேன். அவரைப் புதைத்துவிட்டு வந்து அலுமாரியை ஒதுக்கியபோது ஒரு தகரப் பிஸ்கற் ரின் கிடைத்தது. திறந்தால் குளிசை. பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

இதை என் பிள்ளைகளுக்குக்கூட நான் சொன்னதில்லை. அன்று வரம்பில் நின்று, ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, அந்த மனிதருக்குச் சொன்னேன். சொல்லி முடிய அழுதும் விட்டேன். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் பாத்தியை மேவிப் பாய்ந்தது, கவனிக்கவில்லை.

“தேவாலயத்துக்கு இனி வரமாட்டன். கோயிலடிக்கு வருவியளோ?” என்று கடைசியில் கேட்டார். “விடியக் கோயிலிலை என்னைச் சனம் கண்டால் உந்தக் கதையும் நிண்டிடும்.”

ஒரு போத்தல் தண்ணீரும் குளிசையுமாக மறுநாளிலிருந்து நான் கோயிலுக்குப் போனேன். ஆறு மணிக்குத் தேவாலய மணி, ஆறே காலுக்குக் கோயிலின் பின் வீதி. அங்கே ஒரு பெரிய வேம்பு நிற்கிறது, அதற்குப் பின்னால் அவர் விழுங்குவார், நான் பார்ப்பேன், இரண்டு நிமிடத்தில் காரியம் முடிந்துவிடும். பக்கத்தில் பூங்கன்றுகளில் பூப் பறித்து மாலை கட்டுகிற ஒரு பெண் எங்களைக் கடைக்கண்ணால் பார்ப்பாள், ஒன்றும் கேட்கமாட்டாள். ஒருநாள் அவளே என் கையில் ஒரு வாழைப்பழத்தையும் இரண்டு பூவையும் வைத்துவிட்டுப் போனாள். வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிறகு என் முறை வந்தது. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது மகளிர் சங்கத் தலைவி என் முழங்கையைப் பிடித்தார். “என்ன, நீங்கள் அங்காலை போகத் தொடங்கிட்டியளாம்? விடியக் காத்தாலை கோயில் வீதியிலை நிக்கிறியளாம்?” நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் சிரிப்பு அடங்கவில்லை. அவரைத் தேவாலயத்தில் சேர்த்துவிட்டார்கள், என்னைக் கோயிலில் சேர்த்துவிட்டார்கள், ஒரு நோய் ஒருவருக்கு வந்திருக்கலாம் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆனால் வைகாசி முடியும்போது கதை வேறு திசைக்குத் திரும்பியது. கணவனை இழந்த ஒருத்தி. பெண்சாதியோடு இருக்கிற ஒருவர். விடியற்காலை, வேப்ப மரத்துக்குப் பின்னால். மிச்சத்தை நான் எழுதத் தேவையில்லை. ஐம்பத்தேழு வயதில், முழங்கால் வலிக்கு எண்ணெய் பூசிக்கொண்டு திரிகிற எனக்கு அப்படி ஒரு பெயர்! கடையில் பாண் வாங்கப் போனால் பேச்சு நின்றுவிடும். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக்கு நானும் போகாமல் விட்டால் என்ன என்று நினைத்தேன். ஒரு நிமிடம் நினைத்தேன், மறைக்கவில்லை. அந்த ஒரு நிமிடத்தில்தான், தமையன் ஏன் பஸ் நிலையத்திலிருந்து திரும்பி வந்தார் என்று முழுதாக விளங்கியது.

மறுநாள் போனேன். கொடியேற்றத்துக்கு இரண்டு கிழமை இருந்தது. கோயிலில் வெள்ளை அடிக்கிறவர்கள், பந்தல் போடுகிறவர்கள், சபைக்காரர்கள், பூசைக்கு வந்த பெண்கள் என்று இருபது முப்பது பேர். வேம்பின் கீழ் அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கதை அவர் காதுக்கும் போயிருந்தது. நான் குளிசையை எடுக்கிறேன், பின்னால் ஒரு குரல்.

“பின் வீதியிலை களவாக் குடிக்கிறதுக்கு இது என்ன கசிப்பே? முன்னுக்கு வாங்கோ ரெண்டு பேரும்.”

அவருடைய மனைவி. தலை முழுகி, ஈரக் கூந்தலோடு, கையில் ஒரு பித்தளைச் செம்பு நிறையத் தண்ணீர். இந்த நோயை எல்லோரையும்விடப் பலமாக மூடி வைத்தவர் அவர்தான். மகளுக்காக. படலைக்கு வெளியே கணவரை இருமக்கூட விடமாட்டார் என்று அண்ணை சொல்லியிருக்கிறார். இப்போது அவரே எங்கள் இருவரையும் முன் வீதிக்கு, நேரே வாசலுக்கு, அவ்வளவு சனத்துக்கும் நடுவில் நடத்திக்கொண்டு போனார்.

“எல்லாரும் நல்லாப் பாருங்கோ” என்றார். “என்ரை மனுசனுக்குக் காசம். மாசியிலை இருந்து மருந்து எடுக்கிறார். அவர் வேதத்துக்கும் போகேல்லை, வேறை ஒரு இடத்துக்கும் போகேல்லை. இந்த அக்கா தன்ரை மானம் போறதையும் பாக்காமல் இவருக்குக் குளிசை குடுத்தவ. அவ இல்லாட்டி நான் இண்டைக்கு இந்தப் பொட்டோடை இதிலை நிக்கமாட்டன்.”

பிறகு செம்பைக் கணவரிடம் நீட்டினார். “விழுங்குங்கோ.”

அவர் என்னிடமிருந்து குளிசையை வாங்கினார். செம்பிலிருந்து தண்ணீர் சிந்தியது. ஒன்று, பிறகு ஒன்று. தொண்டைக்குழி ஏறி இறங்குவதை அவ்வளவு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கண்முன்னால் விழுங்க வேண்டும், ஒரு ஆள் பார்த்தால் போதும் என்று பி.எச்.ஐ. தம்பி எனக்குச் சொல்லியிருந்தார். அன்றைக்கு ஊரே பார்த்தது.

சபைக்காரர் ஒருவர் சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனார். வாசலில் நின்ற ஐயர்தான் கடைசியில் வாயைத் திறந்தார்.

“விழுங்கியாச்சோ? அப்ப உள்ளுக்கு வாங்கோ. பூசைக்கு நேரமாகுது.”

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் நம்பாதீர்கள். ஆறாம் திருவிழா அவர்களுக்கே கிடைத்தது, ஆனால் அன்றைய அன்னதானத்தில் சிலர் கை நனைக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் இரண்டு மாதம் மூச்சுக் காட்டவில்லை. போனால் போகட்டும் என்று மகள் சொன்னாளாம். மகளிர் சங்கத் தலைவி என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நானும் கேட்டேன், அவரை நம்ப வைத்ததற்காக. மிச்சக் குளிசை முழுவதையும் அந்த அண்ணை முன் வீதியில் நின்றுதான் விழுங்கினார். எனக்குக் காய்ச்சல் வந்த ஒருநாள், வெள்ளை அடிக்க வந்தவர் ஒருவரே, “அண்ணை, குளிசை போட்டாச்சோ?” என்று விசாரித்தாராம். ஆறாம் மாதம் முடிய, சளியில் கிருமி இல்லை என்று கிளினிக்கில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கிழமையே மாப்பிள்ளை தானே போன் எடுத்தார். இப்போது அண்ணைக்கு ஒரு பேரப்பிள்ளை இருக்கிறது.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். திருவிழா முடிந்து நாலைந்து நாளில், காலை பத்து மணியளவில் என் படலையைத் தட்டினாள் ஒருத்தி. கோயிலில் பூக் கட்டுகிற பெண். உள்ளே வரச் சொன்னேன், வரமாட்டேன் என்று படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, எனக்கும் மூண்டு மாசமா இருமல். மேலும் மெலிஞ்சு போச்சு.” சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “ஆக்களுக்கு முட்டு எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்.”

முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல் என் படலைக்கு வந்து நின்றது. அடுத்த நாளே அவளோடு பஸ் ஏறினேன். கிளினிக்கில் இருவரும் முன் வரிசை வாங்கில், வாசலுக்கு நேரே இருந்தோம். தெரிந்தவர்கள் இரண்டு பேர் கண்டார்கள். “என்ன இஞ்சாலை?” என்றும் கேட்டார்கள். “இருமல், காட்ட வந்தனாங்கள்” என்றேன். அவளுக்கும் காசம்தான். ஆறு மாதமும் கோயில் முன் வீதியில் குளிசையை விழுங்கிவிட்டுத்தான் பூவில் கை வைத்தாள். இன்றைக்கும் கட்டுகிறாள்.

அந்தப் பிஸ்கற் ரின் இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. இப்போது அதில் தேவாலயத் திறப்பை வைக்கிறேன். தினமும் விடிய அதைத் திறக்கும்போது, ஊரின் ரகசியமெல்லாம் காத்த நான், அன்று ஒரே ஒருநாள் என் தமையனுக்காக ஒரு செம்புத் தண்ணீரோடு எங்கள் வீட்டு முன்வாசலில் நின்றிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டுதான் மணி அடிக்கப் போகிறேன்.